ஓடிபி வரும் போன் உன் கையில் இருக்கட்டும்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தின் சுருக்கம் இது:

"சார், நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். 600-க்கு 503. கணக்கில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 79. அப்பா லோடுமேன், அம்மா பீடி சுற்றுகிறார், அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கிறான். எனக்கு சிவில் படிக்க ஆசை, எல்லாரும் கம்ப்யூட்டர் எடு என்கிறார்கள். போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்து, கவுன்சலிங்கெல்லாம் எதற்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் ஐயாயிரம் ரூபாயையும் கொடுத்தால் சீட் உறுதி என்றார்கள். மாமா கொடுத்துவிடச் சொல்கிறார். புரவுசிங் சென்டர் அண்ணன், எல்லாம் நானே போட்டுத் தருகிறேன், நீ வரக்கூட வேண்டாம் என்கிறார். எங்கே ஆரம்பிப்பது, என்னென்ன சான்றிதழ் வேண்டும், எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, ஒன்றும் புரியவில்லை சார்."

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன் அம்மா. அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ரெண்டு பேரிடம் சான்றிதழையும் கொடுக்காதே, பணத்தையும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டு, அவர் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார், சீட் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்கிறார். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் பொறியியல் கலந்தாய்வு முடியும்போது ஆயிரக்கணக்கான இடங்கள் ஆள் இல்லாமல் நிற்கின்றன. வீடு தேடி வந்து சீட் தருகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் அப்படி நிற்கும் இடங்களை நிரப்ப வருகிறவர்கள்தான். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது, பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ சொல்வதும் அதுவேதான். அப்படியிருக்க, நீ இன்னும் சேராத ஒரு கல்லூரி உன் ஒரிஜினலைக் கேட்கிறது என்றால், நீ வேறு எங்கும் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

இன்னொரு விஷயம் மாமாவுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் தருவது மேனேஜ்மென்ட் சீட், அதாவது கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்கிற இடம். அதில் சேர்ந்தால் முதல் தலைமுறை பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடைக்காது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடைக்காது. ரெண்டும் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும்தான். உனக்கு அந்த ரெண்டுக்குமே தகுதி இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் என்று ஆரம்பிப்பது நாலு வருடத்தில் எவ்வளவில் போய் முடியும் என்று மாமாவிடம் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டு.

இந்த 7.5 சதவீதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 சதவீத இடத்தை ஒதுக்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கல்விக் கட்டணம் மட்டும் இல்லை, விடுதியும் சேர்த்து. இதை உன் அம்மாவிடம் தனியாக உட்கார வைத்துச் சொல், நம்ம பக்கத்தில் பெண் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகளில் பாதித் தயக்கம் விடுதிச் செலவைப் பற்றியது.

ஆறு முதல் எட்டு ஒரு அரசு நடுநிலைப் பள்ளி, ஒன்பது முதல் பன்னிரண்டு வேறொரு அரசுப் பள்ளி என்று படித்திருந்தால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, ரெண்டு இடத்திலும் படித்ததற்கான சான்று, போனஃபைடு என்பார்கள், வாங்கி வைத்துக்கொள். பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் லீவில் வெளியூர் போவதற்குள் போய்ப் பார்த்துவிடு. ஒன்று மட்டும் சரிபார்த்துக்கொள். அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. சம்பளம் அரசு தருவதால் அதையும் அரசுப் பள்ளி என்று நினைத்து 7.5-ஐ டிக் செய்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் நீங்கியதும் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது உன் கட் ஆஃப், அதாவது ரேங்க் போடுவதற்கான மதிப்பெண். கணக்கு மதிப்பெண் அப்படியே 88. இயற்பியலில் பாதி 42. வேதியியலில் பாதி 39.5. கூட்டினால் 200-க்கு 169.5. மொத்தம் 503 எடுத்திருந்தாலும் பொறியியலுக்குப் பார்ப்பது இந்த மூன்று பாடம்தான். ரேங்க் போடும்போது ஒரே கட் ஆஃப் எடுத்தவர்கள் பலர் இருப்பார்கள், அப்போது முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதிலும் ஒன்றாக இருந்தால் இயற்பியல், இப்படி ஒவ்வொன்றாகப் போய், எல்லாமே ஒன்றாக இருக்கிற அபூர்வமான நிலையில்தான் ரேண்டம் எண்ணை, அதாவது குலுக்கல் மாதிரிக் கம்ப்யூட்டர் தருகிற எண்ணை, பார்ப்பார்கள். விண்ணப்பம் முடிந்ததும் உனக்கும் பத்து இலக்கத்தில் அந்த எண் வரும். அதை ரேங்க் என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய எண்ணா என்று பயந்துபோய் ராத்திரி போன் செய்த பிள்ளைகள் உண்டு. அதற்கும் உன் இடத்துக்கும் அநேகமாக எந்தத் தொடர்பும் இருக்காது.

அடுத்து, விண்ணப்பம். மே மாதம் ரிசல்ட்டை ஒட்டியே டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை, இணையதளத்தில் பதிவு திறந்துவிடும், 2024-ல் மே 6, 2025-ல் மே 7. ஏறக்குறைய ஒரு மாதம் அவகாசம் இருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துவது, டிஎன்இஏஆன்லைன் டாட் ஆர்க் என்ற ஒரே தளம்தான், அதே மாதிரிப் பெயரில் வேறு எது கண்ணில் பட்டாலும் உள்ளே போகாதே.

புரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் அவரிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை, அங்கே போய்ப் பதிவு செய்வதில் தப்பே இல்லை. ஆனால் நீ போக வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், உன் வீட்டு போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும், உன் பெயரில் தொடங்கிய மெயில் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும், பாஸ்வேர்டை நீயே அடித்து உன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் விண்ணப்பத்தை ஒரு கடைக்காரரின் போன் நம்பரில் போட்டுவிட்டான். அவசரம், வீட்டு போனில் சார்ஜ் இல்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரரே சொன்னாராம். மாற்றவில்லை. கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. அதை உறுதி செய்ய ரெண்டே நாள்தான் தருவார்கள், உள்ளே போக ஓடிபி வேண்டும், ஓடிபி கடைக்காரர் போனுக்குப் போகும், கடையோ ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மூடிக் கிடக்கிறது, அவர் போனும் எடுக்கவில்லை. ஆடி மாதம்தான் கலந்தாய்வு சூடாக நடக்கிற நேரம், உங்கள் ஊரில் தபசு என்றால் எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் உதவி மையத்துக்கு ஓடி, எழுதிக் கொடுத்து, சாயங்காலம் நம்பரை மாற்றி, நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உறுதி செய்தான். அன்று அவன் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு என் பள்ளி வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு லோடுக்குப் போய்விடும் என்றால், கலந்தாய்வு நடக்கும் அந்த சில வாரங்களுக்கு போன் வீட்டில் இருக்கட்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள். ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் இடம் தவறுவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. நீ எந்தப் பிரிவு என்று எழுதவில்லை, அதனால் ரெண்டையும் சொல்கிறேன். கடையில் ஸ்கேன், பிரின்ட் என்று இன்னொரு நூறு, இருநூறு கேட்பார்கள், அதைக் கொடு, நியாயமான கூலி. அதையும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அரசு அமைக்கும் டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போ, உன் பக்கத்தில் எது என்று அதே இணையதளத்தில் பட்டியல் இருக்கும், அங்கே பதிவு செய்து கொடுப்பதற்கென்றே ஆட்களை உட்கார வைத்திருப்பார்கள்.

சான்றிதழ்களில் உன்னிடம் ஏற்கெனவே இருக்கக்கூடியவை பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்று, ஆதார். பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உனக்கென்று இருக்கும் எமிஸ் எண்ணையும் பள்ளியில் கேட்டு எழுதி வைத்துக்கொள், அரசுப் பள்ளி மாணவர்களிடம் அதைக் கேட்பார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவைப்படாது, அதற்காக அலையாதே. நீ இனி வாங்க வேண்டியது முதல் தலைமுறை பட்டதாரிச் சான்று. இசேவை மையத்தில் போட வேண்டும், அங்கிருந்து விஏஓ, வருவாய் ஆய்வாளரான ஆர்ஐ, அப்புறம் தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு படியாகப் போகும். ரிசல்ட் வந்த பிறகு மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இதற்குப் போடுவதால் தாமதமாகும், ஆகவே கலந்தாய்வுப் பதிவுக்குக் காத்திருக்காமல் இதை முதலில் போடு. அண்ணன் டிப்ளமோ வாங்கியிருக்கிறானே, நான் எப்படி முதல் பட்டதாரி ஆவேன் என்று சந்தேகம் வரலாம். டிப்ளமோ பட்டம் இல்லை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டப்படிப்பு முடிக்கவில்லை என்றால் நீதான் முதல் பட்டதாரி. 7.5-ல் இடம் கிடைத்தால் அரசே கட்டணம் கட்டப்போகிறதே, இது எதற்கு என்று விட்டுவிடாதே, பொதுப் பிரிவில் இதைவிட உனக்குப் பிடித்த இடம் கிடைத்து நீ அதில் சேர்ந்தால் அப்போது இந்தச் சான்றுதான் கைகொடுக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடு. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், சாதிச் சான்றில் வேறு எழுத்து என்று இருக்கும், நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதைவிட முக்கியம் சாதியின் பெயர். டிசியில் ஒரு மாதிரியும் சாதிச் சான்றில் உட்பிரிவோடு வேறு மாதிரியும் இருந்தால், வருவாய்த் துறை கொடுத்த சாதிச் சான்றில் உள்ளதுதான் செல்லும், அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு பிரின்ட் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், அண்ணனை வாட்ஸ்அப்பில் ஒரு தடவை பார்க்கச் சொல்லி, மறுநாள் போய் அழுத்து. ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. கடைசி ரெண்டு நாளுக்குத் தள்ளாதே, அவ்வளவுதான்.

இனி நீ கடைசியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், எந்தக் கல்லூரியை முதலில் போடுவது. பிள்ளைகளும் பெற்றோரும் அதிகமாகத் தவறு செய்வது இங்கேதான், அதனால் நிதானமாகப் படி.

ரேங்க் பட்டியல் வந்ததும் உனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரேங்க் இருக்கும், பொது ரேங்க், உன் சமூகப் பிரிவில் ஒரு ரேங்க், 7.5 பட்டியலில் ஒன்று. பெயர் எதிலாவது விட்டுப்போயிருந்தால் சொல்வதற்கு சில நாள் தருவார்கள், வந்த அன்றே பார்த்துவிடு. பிறகு உன் சுற்று வரும்போது கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஏற்ற மூன்று நாள் வரைக்கும் கிடைக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்றால், முதல் ரேங்க்கில் இருக்கிறவரிலிருந்து ஒவ்வொருவராக எடுக்கிறது. உன் முறை வரும்போது உன் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. அந்தக் கல்லூரியில் நீ கேட்ட பாடப் பிரிவில் பொது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உன் சமூகப் பிரிவு இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உனக்கு அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும், உன் இரண்டாவது வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கிக்கொண்டே வரும்.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். முதல் வரியில் நீ கிண்டி பொறியியல் கல்லூரியை, அதாவது கல்லூரி எண் 1-ஐ, போட்டு அது கிடைக்கவில்லை என்றால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாவது வரியில் இருப்பதை அடைய உனக்கு இருந்த வாய்ப்பு அப்படியே இருக்கிறது. அதற்குள் வேறு ஒருவர், உனக்குப் பின்னால் ரேங்க் உள்ளவர், அந்த இடத்தைத் தன் முதல் வரியில் போட்டிருந்தாலும் அவர் அதை எடுத்துப் போய்விட முடியாது, ஏனென்றால் உன் பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் அவரிடம் போகும். ஆகவே பட்டியல் முழுக்க உன் ஆசையின் வரிசையில் இருக்க வேண்டும், கிடைக்குமா கிடைக்காதா என்ற வரிசையில் இருக்கவே கூடாது.

எங்கள் பள்ளியில் படித்த பையன் ஒருவன் இதைத் தலைகீழாகச் செய்தான். நல்ல கட் ஆஃப். பெரிய இடத்தை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றிய ஒரு தனியார் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு அரசுக் கல்லூரியை ஆறாவதாக வைத்தான். முதல் வரியே கிடைத்துவிட்டது. அந்தச் சுற்று முடிந்த பிறகு, அவனுக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய அவன் வகுப்புத் தோழனுக்கு அதே அரசுக் கல்லூரியில் அதே பிரிவு கிடைத்தது தெரிய வந்தது. ஒதுக்கியதில் திருப்தி இல்லை என்றால் மேலே போகலாம் என்ற வழி உண்டு, ஆனால் அவனுக்கு மேலே ஏது வரி, கிடைத்ததே முதல் வரி. அன்றிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையும் நோட்டில் எழுதிக் காட்டாமல் பட்டியலை ஏற்ற நான் விடுவதில்லை.

அதனால் நீயும் இப்போதே ஒரு நாற்பது பக்க நோட்டை எடு. டிஎன்இஏ தளத்தில் போன வருடங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த சமூகத்துக்கு எத்தனை கட் ஆஃபில் நின்றது என்று போட்டிருப்பார்கள். ரெண்டு வருடத்துக் கணக்கைப் பார். உன் 169.5-க்குப் பத்துப் பதினைந்து மேலே முடிந்த இடங்களிலிருந்து, இருபது கீழே முடிந்த இடங்கள் வரை எழுது. 7.5 ஒதுக்கீட்டில் இடங்கள் இன்னும் கீழே வரைக்கும் இறங்கும், ஆகவே உனக்கு எட்டாது என்று நீயே முடிவு செய்து எதையும் வெட்டாதே. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம், கணக்கு கிடையாது. ஏழெட்டு வரியோடு நிறுத்தி ஒன்றுமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. ஐம்பது, அறுபது வரி எழுது. ஒரே ஒரு கட்டுப்பாடு, நீ போகவே மாட்டாய் என்கிற கல்லூரியைக் கடைசி வரியில்கூடப் போடாதே, அதுவும் கிடைத்துத் தொலைக்கும்.

எழுதும்போது கல்லூரி எண்ணையும் பிரிவின் ரெண்டெழுத்துக் குறியீட்டையும் சேர்த்து எழுது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 4974, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜிசிடி என்பார்கள், 2005, இப்படி. சிஇ என்றால் சிவில், எக்ஸ்சி என்றால் தமிழ் வழி சிவில், சிஎச் என்றால் கெமிக்கல். ஒரு எழுத்து மாறினால் நாலு வருடம் மாறிவிடும். பழைய அரசு உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றில் ஒரே பிரிவு ரெண்டு வரியாக இருக்கும், ஒன்று அரசு உதவியோடு நடப்பது, இன்னொன்று சுயநிதி. பெயர் ஒன்றுதான், கட்டணம் வேறு வேறு. குறியீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

சிவிலா கம்ப்யூட்டரா என்று கேட்டால், உன் ஆசை சிவில் என்று நீயே எழுதியிருக்கிறாய், பிறகு ஏன் என்னைக் கேட்கிறாய் அம்மா. நான் சொல்லக்கூடியது, ஏனோதானோ என்று நடக்கிற ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பதைவிட நல்ல அரசுக் கல்லூரியில் சிவில் படிப்பது எவ்வளவோ மேல். கம்ப்யூட்டருக்கு எல்லாரும் முண்டுவதால் பெரும்பாலான கல்லூரிகளில் சிவில் அதைவிடக் குறைந்த கட் ஆஃபில் முடியும், உன் மதிப்பெண்ணுக்கு இது ஒரு வசதி, அதே மதிப்பெண்ணை வைத்து ஒரு படி நல்ல கல்லூரிக்குள் நுழையலாம். பொதுப்பணி, நெடுஞ்சாலை, நீர்வளம், உள்ளாட்சி என்று அரசுத் துறைகளில் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவிப் பொறியாளர் தேர்வு எழுதும் வழியும் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்த பயம் உன் கடிதத்தில் நேராக இல்லை, ஆனாலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் நடக்கிறது. தமிழ் வழியிலேயே பள்ளியும் பட்டப்படிப்பும் முடித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அந்தத் தமிழ் வழி வரியையும் உன் பட்டியலில் தைரியமாகப் போடு. ஆங்கில வழியில் கிடைத்தாலும் போ, முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், இரண்டாவதில் பழகிவிடும், என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கல்லூரியை எப்படி எடை போடுவது? அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் பேர் பாஸ் என்று வெளியிடுகிறது, அதைப் பார். நீ எடுக்கிற பிரிவுக்கு என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின் தரச் சான்று, இருக்கிறதா என்று பார், கல்லூரிக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், உன் பிரிவுக்கு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேள். முடிந்தால் பட்டியலில் மேலே உள்ள பக்கத்துக் கல்லூரிகளுக்கு அம்மாவோடு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்விட்டு வா. ஆபீஸில் கேட்பதைவிட வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற மூன்றாம் வருட அக்காக்களிடம் கேள். விடுதிச் சாப்பாடு எப்படி, லேப் நடக்கிறதா, கட்டணத்துக்கு மேலே என்னென்ன பெயரில் வாங்குகிறார்கள் என்று அவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு திரையில் சில வாய்ப்புகள் வரும், எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அக்செப்ட் அண்ட் ஜாயின் என்றால் இதுவே போதும், சேருகிறேன். அக்செப்ட் அண்ட் அப்வர்ட் என்றால் இதை எனக்கு வைத்திரு, என் பட்டியலில் இதற்கு மேலே உள்ள வரிகளில் யாராவது இடத்தை விட்டால் எனக்கு அதைத் தா. மேலே கிடைத்துவிட்டால் கீழே உள்ளது தானாகப் போய்விடும், திரும்ப வராது, வரிசை ஏன் உண்மையான ஆசைப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். டிக்ளைன் என்று தொடங்குகிற எதையும் பெரியவர் ஒருவரிடம் கேட்காமல் அழுத்தாதே. ஏற்றுக்கொண்டாலும் சொன்ன நாட்களுக்குள் கல்லூரிக்கோ உதவி மையத்துக்கோ போகவில்லை என்றால் இடம் போய்விடும்.

பொறியியலை மட்டும் நம்பி உட்காராதே. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பமும் அதே மே மாதம்தான் திறக்கும், கடந்த வருடங்களில் பொறியியல் பதிவைவிட முன்னதாகவே முடிந்துவிட்டது, கட்டணம் வெறும் 50 ரூபாய் அளவுதான். சுரண்டை காமராசர் கல்லூரி, திருநெல்வேலி ராணி அண்ணா மகளிர் கல்லூரி என்று பக்கத்திலேயே இருக்கின்றன. கணிதமோ இயற்பியலோ போட்டு வை. வேளாண்மைக்கும் சட்டத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், ஆசை இருந்தால் மட்டும் போடு.

பணத்தில் உங்கள் வீட்டுக்குத் தெரியாத ரெண்டு வழி. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், உன் பெயரில் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். இன்னொன்று அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது, தொழிற்படிப்பு என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். அட்டை எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று இன்றைக்கே அம்மாவிடம் கேள். அட்டை இல்லாமல் வேறு ஒருவர் பாஸ் புத்தகத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால், அதையும் எனக்கு எழுது, அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

டிசி கையில் வந்ததும் எல்லாச் சான்றிதழிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையிலும், ஒரிஜினலை வேறு பையிலும் வை. நாளை காலையில் இசேவை மையத்துக்குப் போ, முதல் பட்டதாரிச் சான்றுக்குப் போட்டுவிட்டு வா. ரேங்க் வந்ததும் நோட்டில் எழுதிய பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.